மூடி போட்டாலும் புள்ளி தெரியுதா? சினிமா கேமரா சென்சார் கேலிப்ரேஷன் பத்தி கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். செகண்ட் ஹேண்ட்ல ரெட் கம்பெனியோட ஸ்கார்லெட்-டபிள்யூ சினிமா கேமரா ஒண்ணு வாங்கியிருக்காரு, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி பால்மரம் வெட்டுற, அதாவது பால் எடுக்க பட்டைய கீறுற, காட்சிய எடுத்திருக்காரு, வீட்டுக்கு வந்து பாத்தா இருட்டா இருக்கற இடமெல்லாம் புள்ளி புள்ளியா கொதிக்குது. யாரோ ஒருத்தர் "சென்சார கேலிப்ரேட் பண்ணு, எல்லாம் போயிடும்"னு சொல்லியிருக்காரு. சென்சார்னா லென்ஸுக்குப் பின்னாடி வெளிச்சத்த படமா மாத்துற சில்லு, கேலிப்ரேட்னா அதோட சொந்தக் குறைய கேமராவே அளந்து கழிக்கறது. அத நம்மளே பண்ணலாமா, இல்ல கேஎல்லுக்கு (கோலாலம்பூர்) சர்வீஸ் அனுப்பணுமான்னு கேக்குறாரு. ஆனா உள்ளுக்குள்ள இருக்கற கேள்வி வேறன்னு நான் நினைக்கிறேன். இந்தப் புள்ளிகள்ல, அதாவது நாய்ஸ்ல, எவ்வளவு கேமராவோட கோளாறு, எவ்வளவு வெளிச்சம் பத்தாம வந்தது? அத மொதல்ல பிரிச்சுப் பாக்கணும், பட்டன அப்புறம் அமுக்கலாம்.

நான் கேஎல்ல ஒரு கேமரா வாடகைக் கடையில டெக்னிஷியனா ரொம்ப வருஷம் இருந்தவன், வெளிய போற கேமராவ எல்லாம் செக் பண்ணி அனுப்புறதுதான் வேலை, இப்ப சொந்த ஊர் சுங்கை சிப்புட்டுக்கே வந்து கல்யாணம், திருவிழா, அப்பப்ப டெலிமூவின்னு ஓடுது. அதனால இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்ல. ஒரே வரியில பதில் வேணும்னா, அசையாம ஒரே இடத்துல நிக்கிற நாய்ஸ மட்டும்தான் கேலிப்ரேஷன் எடுக்கும், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஆடுற நாய்ஸ அது தொடக்கூட தொடாது. தம்பி "கொதிக்குது"ன்னு எழுதியிருக்கறத வெச்சுப் பாத்தா பெரும்பங்கு ஆடுற வகைன்னு தோணுது, ஆனா கிளிப்ப பாக்காம அடிச்சு சொல்ல முடியாது, ரெண்டும் கலந்தும் இருக்கலாம்.

ஏன் ரெண்டு வகைன்னு கொஞ்சம் உள்ள போய்ப் பாப்போம். சென்சார்ல ஒவ்வொரு பிக்சலும் வெளிச்சத்த எண்ணுது. வெளிச்சம் போட்டான்ங்கற சின்னச் சின்னத் துகளாத்தான் வருது, அது ஒரே சீரா வராது, சொந்தக் கணக்குல ஏறி இறங்கும், அந்த ஏத்த இறக்கம் மொத்த எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு பிக்சலுக்கு 100 போட்டான் வந்தா 10 கூடக் குறைய ஆடும், அதாவது 10 சதவீதம். 10,000 வந்தா 100 ஆடும், வெறும் 1 சதவீதம். இதுல கேமரா மேல ஒரு தப்பும் இல்ல, கோடி ரூபா கேமராவா இருந்தாலும் இதேதான். வெளிச்சத்த நாலு மடங்கு கூட்டினா, அதாவது 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு), சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் ரெண்டு மடங்கு நல்லாகும். இதுக்கு மேல, பிக்சல்ல சேந்தத படிச்சு நம்பரா மாத்துற சர்க்யூட்டும் தன் பங்குக்கு கொஞ்சம் சேக்கும், அதுவும் பெரும்பாலும் ஆடுற வகைதான்.

இன்னொரு வகை சென்சாரோட சொந்தக் குணம். லென்ஸ மூடி துளி வெளிச்சம் இல்லாம வெச்சாலும் சிலிக்கான்ல சூட்டுனாலயே எலக்ட்ரான் கசியும், டார்க் கரண்ட்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு பிக்சல்லயும் கசிவு ஒரே மாதிரி இருக்காது, சிலது கூட கசியும், சிலது ரொம்ப மோசமா கசிஞ்சு வெள்ளப்புள்ளியாவே நிக்கும், அதத்தான் ஹாட் பிக்சல்ங்கிறோம். அதோட பிக்சல்களோட ஒவ்வொரு செங்குத்து வரிசையையும் படிக்கிற சர்க்யூட்டுக்கு நடுவுல சின்னச் சின்ன வித்தியாசம், அதனால இருட்டுல மெல்லிசா செங்குத்துக் கோடு வரும். இதெல்லாம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதே எடத்துல நிக்கும். கேமராவ பக்கவாட்டுல திருப்பிப் பாத்தா சுலபமா புடிபடும், மழை விட்டப்புறம் பஸ் ஜன்னல்ல ஒட்டியிருக்கற சேறு மாதிரி, வெளிய மரமெல்லாம் ஓடும், கற மட்டும் கண்ணாடியிலயே இருக்கும்.

இந்த ரெண்டாவதத்தான் கேலிப்ரேஷன் சரி பண்ணுது, ரெட்ல அதுக்குப் பேரு பிளாக் ஷேடிங். கேமரா என்ன பண்ணும்னா, மூடி போட்ட நிலையில நெறைய இருட்டு ஃப்ரேம் எடுத்து, பிக்சல் பிக்சலா சராசரி போடும். ஆடுற நாய்ஸ் சராசரியில ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயிடும், நிலையா இருக்கறது மட்டும் மிஞ்சும், அத ஒரு மேப்பா சேத்து வெச்சுக்கிட்டு, அப்புறம் நீங்க எடுக்குற ஒவ்வொரு ஃப்ரேம்லேர்ந்தும் கழிச்சுரும். ஏன் நெறைய ஃப்ரேம்னு சிலர் கேப்பாங்க. ஒரே ஒரு இருட்டு ஃப்ரேம எடுத்துக் கழிச்சா அந்த ஃப்ரேம்ல இருக்கற ஆடுற நாய்ஸும் உங்க படத்துல ஏறிக்கும், ஏற்கனவே இருந்தத விட சுமார் 1.4 மடங்கு ஆயிடும். 16 ஃப்ரேம் சராசரி போட்டா மேப்போட சொந்த நாய்ஸ் கால்வாசிக்கு எறங்கிடும். அதனாலதான் கேலிப்ரேஷன் நிமிஷக்கணக்குல இழுக்குது, பொறுமையா இருங்க, நடுவுல பேட்டரிய கழட்டாதீங்க.

இப்ப டெஸ்ட். லென்ஸ கழட்டி பாடி கேப் போடுங்க, நீங்க படம் எடுத்த அதே ஷட்டர், அதே ஃப்ரேம் ரேட்டுல ஒரு அஞ்சு செகண்ட் ரெக்கார்ட் பண்ணுங்க. ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டு, கறுப்பு சாம்பல் ஆகற வரைக்கும் தூக்குங்க, 200 சதவீதம் ஜூம் பண்ணி ஒவ்வொரு ஃப்ரேமா தள்ளிப் பாருங்க. ஒரு புள்ளிய கண்ணால புடிச்சுக்குங்க, அடுத்த ஃப்ரேம்லயும் அங்கயே இருக்கா? இருந்தா கேலிப்ரேஷன் வேலை. காணாமப் போயி வேற எடத்துல வேற புள்ளி வந்தா அது சாதாரண ஆட்டம், அதுக்கு மெனுவுல மருந்து இல்ல. ஓரத்துல மட்டும் ஊதா நிறமா வெளிறி இருந்தாலும், செங்குத்துக் கோடு நிலையா நின்னாலும் மேப் பழசாயிடுச்சுன்னு எடுத்துக்கலாம். செகண்ட் ஹேண்ட் கேமராவுல இது சகஜம், முன்னாடி வெச்சிருந்தவர் எந்த ஊர்ல எந்த சூட்டுல கடைசியா கேலிப்ரேட் பண்ணாரோ யாருக்குத் தெரியும்.

ரெட்ல இத நம்மளே பண்ணலாம், கேஎல்லுக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். ஸ்க்ரீன்ல டி, ஈன்னு ரெண்டு எழுத்து இருக்கும், டி வெப்பநிலைக்கு, ஈ எக்ஸ்போஷர் நேரத்துக்கு, அதாவது ஷட்டர் திறந்திருக்கற நேரத்துக்கு. ரெண்டும் பச்சையா இருந்தா இப்ப கேமரா இருக்கற நிலைமையும் மேப் எடுத்தப்ப இருந்த நிலைமையும் ஒத்துப்போகுதுன்னு அர்த்தம், நிறம் மாறினா மேப் பொருந்தலன்னு எச்சரிக்கை. நெறைய பேரு இத கவனிக்கறதே இல்ல, பேட்டரி எவ்வளவு, கார்டுல எவ்வளவு இடம், அதோட சரி.

சூடுதான் இதுல முக்கியம், அதுவும் நம்ம ஊர்ல. டார்க் கரண்ட் சுமாரா 6லேர்ந்து 8 டிகிரிக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகும். சென்சார கேமரா தானே குளிர வெச்சு ஒரே அளவுல வெக்கப் பாக்கும், அதனால வெளிய இருக்கற சூடு அப்படியே சென்சாருக்குப் போறதில்ல, ஆனா ஃபேன மெதுவா ஓட விட்டா, மத்தியான வெயில்ல கறுப்பு பாடி காஞ்சா, அதுவும் தோத்துப்போகும். நான் அடிக்கடி பாக்கறது என்னன்னா, ஆள் ஏர்கான் ரூம்ல கட்டில் மேல கேமராவ வெச்சு, ஆன் பண்ண ரெண்டாவது நிமிஷமே கேலிப்ரேட் பண்ணிடுவாரு, அப்புறம் தோட்டத்துல போயி வேற சூட்டுல மணிக்கணக்கா எடுப்பாரு, கடைசியில "பண்ணியும் ஒண்ணும் மாறல"ன்னு சொல்லுவாரு. ஜில்லுன்னு இருக்கறப்ப எடுத்த மேப் சூடான சென்சாருக்குப் பொருந்தாது, சில சமயம் மேப்பே புதுசா ஒரு கறைய போட்டுரும்.

அதனால இப்படிப் பண்ணுங்க. கேமராவ ஆன் பண்ணி, எந்த ஃபேன் மோட்ல ஷூட் பண்ணுவீங்களோ அதே மோட்ல, அரை மணி நேரமாவது ஓட விடுங்க, வெப்பநிலை நம்பர் ஏறாம ஒரே எடத்துல நிக்கணும். லென்ஸ் மூடிய நம்பாதீங்க, லென்ஸ கழட்டிட்டு பாடி கேப்தான். அதுக்கு மேல ஒரு கறுப்புத் துணிய மவுண்ட் பக்கமா சுத்துங்க, ஆனா காத்துப்போற ஓட்டைய அடைச்சுராதீங்க, அடைச்சா சூடு எகிறும். வெயில்ல வெச்சுப் பண்ணாதீங்க, மவுண்ட் இடுக்குல பூந்த கொஞ்ச வெளிச்சமும் மேப்புல பதிஞ்சு எல்லாப் படத்துலேர்ந்தும் கழியும். கரண்ட்ல சொருகியோ இல்ல ஃபுல் பேட்டரியிலயோ பண்ணுங்க. ஷட்டர் நீங்க வழக்கமா வெக்கற அளவுல இருக்கட்டும், 1/48 செகண்ட் ஆனாலும் சரி 1/50 ஆனாலும் சரி, அந்த சின்ன வித்தியாசத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா டைம்லாப்ஸுக்காக ஷட்டர ரொம்ப நேரம் திறந்து வெக்கப் போறீங்கன்னா அதுக்குத் தனியா ஒரு மேப் எடுக்கணும், அப்பத்தான் ஈ பச்சையாகும். எடுத்த மேப்ப பேரு வெச்சு சேத்து வெக்கலாம், நான் விடியக்காலைக்கு ஒண்ணு, மத்தியானத்துக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குவேன். ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) மாத்தினா கண்டிப்பா புதுசா எடுங்க.

எத்தன நாளுக்கு ஒரு தடவன்னு கேட்டா அதுக்கு நாள் கணக்கு கிடையாது, சூடும் ஷட்டரும் மாறினாத்தான். தினம் பண்றவங்களும் இருக்காங்க, அது பயத்துல பண்றது, கெடுதல் ஒண்ணும் இல்ல, நேரம்தான் போகும்.

ஒரு சின்ன விஷயம், கேமராவ ஏர்கான் கார்லேர்ந்து எடுத்த கையோட தோட்டத்து ஈரக்காத்துல தொறந்தா கண்ணாடி மேலயும் லென்ஸ் மேலயும் பனி பூக்கும், அந்த நேரத்துல லென்ஸ் வேற கழட்டினா உள்ளயே ஈரம் போகும். பையோட வெளிய வெச்சு, பையோட சூடு வெளிய இருக்கற சூட்டுக்கு ஒத்து வந்தப்புறம் தொறங்க. கேலிப்ரேஷனோட இதுக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா பூஞ்சை புடிச்ச லென்ஸ பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியுது.

மத்த கேமரா வெச்சிருக்கறவங்களும் இத படிப்பீங்க, அதனால சுருக்கமா. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே, 6கே ரெண்டுலயும் பிக்சல் ரீமேப்னு ஒண்ணு இருக்கு, அது முக்கியமா ஹாட் பிக்சலுக்கு. சோனி எஃப்எக்ஸ்6ல ஏபிஆர் (கெட்ட பிக்சல சரி பண்றது), கேனன் சினிமா கேமராவுல ஏபிபி (கறுப்ப சமன் பண்றது), ரெண்டுக்கும் மூடி போட்டுத்தான் பண்ணணும். ஆரி அலெக்ஸாவுல இந்தத் தலைவலியே கம்மி, ஃபேக்டரியிலயே பண்ணி, சென்சார் வெப்பநிலைய இறுக்கிப் புடிச்சு வெச்சுருவாங்க, அந்த விலைக்கு அதாவது வேணும்ல. பாக்கெட் 4கே வெச்சிருக்கற பசங்களுக்கு இன்னொண்ணு, ஐஎஸ்ஓன்னா படம் எவ்வளவு பளிச்சுன்னு வரணும்னு வெக்கற நம்பர், அதுக்கு சென்சாருக்கே பொருத்தமான அளவு (நேட்டிவ்) ரெண்டு, 400ம் 3200ம். 1000 வரைக்கும் ஒரு சர்க்யூட், 1250லேர்ந்து இன்னொரு சர்க்யூட், அதனால இருட்டுல 1000த்த விட 1250 சுத்தமா இருக்கும். கேலிப்ரேஷன விட இந்த ஒரு நம்பர மாத்துறது நெறைய பேருக்கு உதவியிருக்கு.

இப்ப தம்பியோட காட்சிக்கு வரேன், ஏன்னா கேலிப்ரேட் பண்ணி முடிச்சப்புறமும் பாதிக்கு மேல நாய்ஸ் அப்படியே இருக்கும்னுதான் நான் எதிர்பாக்குறேன். ஸ்கார்லெட்-டபிள்யூல டிராகன் சென்சார், வெளிச்சம் இருந்தா அழகு, பட்டினி போட்டா முகத்த தூக்கி வெச்சுக்கும். ரெட்ல ஐஎஸ்ஓ வெறும் குறிப்புதான், ரா ஃபைல்ல (சென்சார் குடுத்தத அப்படியே வெக்கற ஃபைல்) சென்சார் வாங்கின வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான், 3200ன்னு வெச்சா ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு தெரியும், சென்சாருக்கு ஒரு துளி கூட கூடுதலா போகாது. அங்கதான் ஆள் ஏமாந்து போறது, மானிட்டர் நல்லாத்தானே இருக்குன்னு அபெர்ச்சர (லென்ஸ்ல வெளிச்சம் போற வாய) தொறக்காம விட்டுடுவோம். மாத்திப் பண்ணுங்க, இருட்டுக் காட்சிக்கு 800க்கு பதிலா 400 வெச்சுப் பாருங்க, ஸ்க்ரீன் இருட்டா தெரியும், வேற வழியில்லாம வெளிச்சத்த கூட்டுவீங்க, ஃபைல் சுத்தமா வரும். ஹைலைட்ல, அதாவது ரொம்ப பளிச்சுன்னு இருக்கற எடத்துல, ஒரு ஸ்டாப் இடம் குறையும், ராத்திரி காட்சியில அது பெரிசா வலிக்காது, தலைவிளக்கு நேரா லென்ஸ பாத்தா மட்டும் பாத்துக்குங்க. ஸ்க்ரீன்ல வெளிச்ச அளவ காட்டுற ஹிஸ்டோகிராமுக்கு ரெண்டு பக்கமும் கம்பம் மாதிரி ஒண்ணு இருக்கும், இடது கம்பம் ஏறினா அவ்வளவு பிக்சல் நாய்ஸுக்குள்ள முங்குதுன்னு அர்த்தம், ஐஎஸ்ஓ நம்பர விட அத நம்புங்க.

மரம் வெட்டுற ஆளு தலைவிளக்கு போட்டிருக்காரு, அந்த வெளிச்சம் பட்டை மேலயும் பால் சேருற மங்கு மேலயும் விழுது, வெள்ளப் பாலு பளிச்சுன்னு இருக்கும், ஆனா அவரு மூஞ்சி விளக்குக்குப் பின்னாடி, சுத்த இருட்டு. நாய்ஸ் எங்க கொதிக்கும்? மூஞ்சியிலயும் பின்னாடி மரத்து வரிசையிலயும்தான். பக்கவாட்டுல ஒரு சின்ன எல்இடி பேனல வெள்ளத் துணியில அடிச்சுத் திருப்பி மூஞ்சிக்கு மெல்லிசா விடுங்க, நாலஞ்சு வரிசைக்குப் பின்னாடி இன்னொரு விளக்க மரத்துக்குப் பின்னால ஒளிச்சு வைங்க, பனி இருந்தா அதுவே அந்த வெளிச்சத்த பரப்பும். பின்னாடி முழுக்க இருட்டா விடுறத விட, ஒரு மரத்தோட ஓரத்துக்கு வெளிச்சம் குடுத்தா மத்தத கண்ணு தானா இருட்டுன்னு ஏத்துக்கும், அந்த இருட்ட நீங்க கிரேடிங்ல (எடுத்தப்புறம் நிறமும் வெளிச்சமும் சரி பண்றது) தைரியமா அமுக்கிடலாம், நாய்ஸும் அதோட அமுங்கிடும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடில ஃப்ளிக்கர் வரும், அது பட்டையா ஓடும், அதப் பாத்து சென்சார் கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க, 24 ஃப்ரேம்ல ஷட்டர் ஆங்கிள் 172.8 வெச்சா 1/50 கிடைக்கும், பெரும்பாலும் அடங்கிடும்.

இல்லன்னா என் யோசனை, நிஜமான இருட்டுல எடுக்கவே வேண்டாம். இங்க 7 மணி வாக்குலதான் சூரியன் வரும், அதுக்கு முன்னாடி ஒரு நீல வெளிச்சம், பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கறதால 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும். ஆளுக்கு முன்கூட்டியே ரிகர்சல் பாத்து வெச்சு, அந்த நேரத்துல நல்லா தொறந்து எடுத்து, அப்புறம் கிரேடிங்ல எறக்குங்க. ரப்பர் எலைக்கு அடியில வெளிச்சம் லேட்டாத்தான் வரும், அதனால ஓரத்து வரிசைய தேர்ந்தெடுங்க, நடுத்தோட்டத்துக்குப் போகாதீங்க.

எடுத்து முடிச்சிட்ட கிளிப்புக்கு ரிசால்வ்ல டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷன் இருக்கு, ஸ்டூடியோ வெர்ஷன்ல மட்டும்தான், ஃப்ரீயில கிடையாது. அது பக்கத்து ஃப்ரேம்களோட சராசரி போடுது, நாலு ஃப்ரேம் சராசரின்னா ஆடுற நாய்ஸ் பாதியாகும், ஆனா வேகமா அசையற கை, கத்தி எல்லாம் இழுபடும், அளவா போடுங்க. இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. ஆடுறது கொறைஞ்சதும் அது வரைக்கும் மறைஞ்சிருந்த நிலையான கோடும் புள்ளியும் பளிச்சுன்னு வெளிய வரும், ஏன்னா சராசரி போட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டப்புறம் படம் இன்னும் அசிங்கமாயிடுச்சுன்னு சொல்றவங்கள்ல பலருக்கு இதுதான் காரணம். அதனால கேலிப்ரேஷன் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

சர்வீஸுக்கு எப்ப அனுப்பலாம்னா, சூடாக்கி, மூடி போட்டு, ஒழுங்கா ரெண்டு தடவ கேலிப்ரேட் பண்ணியும் மூடி போட்ட கிளிப்ல அதே கோடு அதே எடத்துல நின்னா, இல்ல ஃப்ரேம்ல ஒரு பகுதி மட்டும் மத்த பகுதிய விட வெளிறி இருந்தா, அப்ப. வயசானா ஹாட் பிக்சல் கூடறது சகஜம், விண்வெளியிலேர்ந்து வர்ற காஸ்மிக் கதிர் பட்டுக்கூட பிக்சல் கெடும், அதுக்காக கேமராவ வித்தவர திட்டாதீங்க. மூடி போட்ட கிளிப்ப கேலிப்ரேஷனுக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு, எந்த கிரேடிங்கும் பண்ணாம ரெட்டோட ரா ஃபைலான ஆர்3டியாவே இங்க லிங்க் போடுங்க, அப்ப கேமரா காட்டின வெப்பநிலையும் ஃபேன் மோடும் எழுதி வைங்க, பாத்துட்டு சொல்றேன். வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, அது அமுக்குற அமுக்குல எது சென்சார் நாய்ஸ் எது வாட்ஸ்அப் நாய்ஸ்னு யாராலயும் சொல்ல முடியாது.